அழைத்தனர், கற்றனர், அனுப்பி வைத்தனர்

நாட்டை விட்டு வெளியேறுவது குற்றம்; வெளியேறியவன் திரும்பி வந்தால் மரண தண்டனை! இப்படி ஒரு சட்டம் ஜப்பானில் இருந்தது. 1635ஆம் ஆண்டில் பிறப்பிக்கப்பட்ட ஆணை அது. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்த ஆணை அந்நாட்டு மக்களைத் தம் தீவுகளுக்குள்ளேயே அடைத்து வைத்திருந்தது. கடல் கடந்தால் சாதி கெட்டுவிடும் என்று நம் நாட்டிலே சாத்திரம் பேசினார்கள். அங்கே அதைச் சொல்ல சாத்திரம் தேவைப்படவில்லை. சட்டமே வாளேந்திக் காவல் நின்றது.

உள்ளே அடைபட்டுக் கிடந்த நாட்டில், பிறப்பு வகுத்த படிநிலை இறுகிப் போயிருந்தது. மேலே சாமுராய் எனும் போர்வீரர். அவருக்குக் கீழே உழவர், கைவினைஞர், வணிகர். இந்நால்வருக்கும் வெளியே, மனிதராகவே எண்ணப்படாத ஒரு கூட்டம்: செத்த மாட்டின் தோலை உரிப்போர், பிணம் அகற்றுவோர், தண்டனை நிறைவேற்றும் இழிபணியில் தள்ளப்பட்டோர். நாடு வேறு, மொழி வேறு. ஆயினும் இந்தப் படிக்கட்டைப் பார்க்கும் நமக்கு அது புதிதாகவா தோன்றுகிறது?

இத்தகைய நாடுதான், ஒரே தலைமுறைக் காலத்தில், இருப்புப்பாதையும் தந்தியும் கலங்கரை விளக்கமும் பொறியியற் கல்லூரியும் கொண்ட நாடாயிற்று. கடவுள் அருளால் அன்று; காலத்தின் கோலத்தாலும் அன்று. கூலி கொடுத்து ஆசிரியரை அழைத்து, கைபடக் கற்று, கற்றபின் அவரை மரியாதையோடு வழியனுப்பியதால் ஆயிற்று. வேலைக்காகக் கடல் கடந்த பொறியாளர்களின் வரலாற்றில் இது ஒரு தனி அத்தியாயம். இதில் நாம் பின்பற்றத்தக்கதும் உண்டு. கண்டு அஞ்சத்தக்கதும் உண்டு.

தூதரகத்துக்குத் தீ வைத்தவர்கள்

1853ஆம் ஆண்டில் அமெரிக்கத் தளபதி பெர்ரி நீராவிப் போர்க்கப்பல்களுடன் ஜப்பானின் வாசலில் வந்து நின்றார். அந்தக் கப்பல்களின் கரும்புகையைக் கண்டு வெகுண்ட இளைஞர் பலர். அவர்களுள் ஒரு கூட்டத்தார், 1863ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அப்போது கட்டப்பட்டுக்கொண்டிருந்த ஆங்கிலத் தூதரகக் கட்டடத்துக்குத் தீ வைத்தனர். அந்நியனை விரட்டுவோம் என்பது அவர்கள் முழக்கம்.

அதே ஆண்டில், சோஷூ என்னும் சிற்றரசைச் சேர்ந்த ஐந்து இளைஞர்கள் இரகசியமாகக் கப்பலேறி இலண்டன் சென்றனர். பிடிபட்டால் தலை போகும். யார் அந்த ஐவர்? இட்டோ ஹிரோபூமி, இனோவே கவோரு, இனோவே மசாரு, எந்தோ கின்சுக்கே, யமாவோ யோசோ. தூதரகத்துக்குத் தீ வைத்த கூட்டத்தில் இருந்தவர்களும் இவர்களுள் உண்டு என்பதுதான் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி. கட்டடத்தைக் கொளுத்தலாம், கப்பலைக் கட்டும் அறிவைக் கொளுத்த முடியுமோ? அதைக் கற்றுத்தான் ஆக வேண்டும் என்ற தெளிவு அவர்களுக்குப் பிறந்தது.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில், வேதியியல் பேராசிரியர் வில்லியம்சன் அவர்களுக்கு ஆதரவு தந்தார். ஐவருள் இட்டோ பின்னர் ஜப்பானின் முதல் தலைமை அமைச்சரானார். இனோவே மசாரு, ஜப்பானிய இருப்புப்பாதையின் தந்தை எனப் பெயர் பெற்றார். ஆனால் என் மனத்தைக் கவர்ந்தவர் யமாவோ யோசோ.

1866இல் அவர் இலண்டனை விட்டு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரை அடைந்தார். பகலில் நேப்பியர் கப்பல் கட்டுந்துறையில் தொழிலாளியாக வேலை; மாலையில் ஆண்டர்சன் கல்லூரியில் படிப்பு. வாள் ஏந்தும் உரிமையைப் பிறப்பால் பெற்ற சாமுராய், சுத்தியல் ஏந்தும் உரிமையைத் தேடிப் போனான்! அந்தக் கல்லூரியோ, பல்கலைக்கழகத்துக்குள் நுழைய வழியற்ற உழைக்கும் மக்களுக்கும் அறிவு கிடைக்க வேண்டும் என்று 1796இல் தொடங்கப்பட்டது. பகலெல்லாம் உழைத்த களைப்போடு வந்து அமர்வோருக்குப் பாடம் சொன்ன இடம்.

கப்பல் துறையில் யமாவோ இன்னொன்றும் கண்டார். காது கேளாத, வாய் பேச இயலாத தொழிலாளர் சிலர், கைச்சைகையால் பேசிக்கொண்டு, மற்றவருக்கு நிகராக வேலை செய்தனர். முற்பிறவிப் பாவம் என்று ஒதுக்கிவைக்கப்பட்டவர்களுக்குத் தேவை பரிகாரமன்று, பயிற்சியே என்று அவர் உணர்ந்தார். நாடு திரும்பியபின் 1871இல், பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் பள்ளி வேண்டும் என்று அரசுக்கு விண்ணப்பம் எழுதினார். பொறியியல் கற்கப் போனவர், மனிதனைப் பற்றியும் கற்றுத் திரும்பினார்.

கூலிக்கு வந்த குருமார்

1868இல் ஆட்சி மாறியது. மெய்ஜி அரசு அமைந்தது. நாட்டுக்கு வேண்டிய அறிவு நாட்டில் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள அந்த அரசு வெட்கப்படவில்லை. இருப்புப்பாதைக்கு ஆங்கிலேயர், படைக்கும் மருத்துவத்துக்கும் பிற ஐரோப்பியர், வேளாண்மைக்கு அமெரிக்கர் என்று தேடித் தேடி அழைத்தனர். 1875ஐ ஒட்டிய ஆண்டுகளில் அரசுப் பணியில் மட்டும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட வெளிநாட்டார் இருந்தனர்.

கொடுத்த சம்பளமோ கண்ணைப் பறிக்கும் சம்பளம். ஒசாகா நகர நாணயச்சாலையின் பொறுப்பாளரான கிண்டர் என்னும் ஆங்கிலேயருக்கு மாதம் 1,045 யென். ஆட்சிப் படிநிலையின் உச்சியில் இருந்த சஞ்சோ சனெத்தோமிக்கு மாதம் 800 யென்! ஆள்பவனைவிட அழைத்து வந்தவனுக்கு அதிகம். ஆனால் ஒன்றை மறவாதீர்: அதிகச் சம்பளம் கொடுத்தார்களே தவிர, அதிகாரத்தைக் கொடுத்துவிடவில்லை. வந்தவர் ஒப்பந்தக்காரர். காலம் குறிக்கப்பட்டிருந்தது. முடிவெடுக்கும் நாற்காலியில் ஜப்பானியரே அமர்ந்திருந்தனர்.

வந்தவர்கள் எல்லாரும் ஒரே குணத்தவர் அல்லர். கலங்கரை விளக்கங்கள் கட்ட 1868இல் வந்த ரிச்சர்டு பிரண்டன், எட்டு ஆண்டுகளில் 26 விளக்கங்களை எழுப்பினார். இருண்ட கடற்கரையில் கப்பல்களுக்கு வழி காட்டினார். ஆனால் ஜப்பானிய அதிகாரிகளோடு ஓயாமல் மோதினார். 1876இல் புறப்பட்டுப் போய்விட்டார். திறமை இருந்தது, தம்மை வேலைக்கு அமர்த்தியவரைத் தமக்கு நிகராகக் காணும் மனம் வாய்க்கவில்லை.

எட்மண்ட் மோரல் வேறு வகையானவர். 1870இல் இருப்புப்பாதையின் தலைமைப் பொறியாளராக வந்தார். தண்டவாளத்தின் அடியில் போட இங்கிலாந்திலிருந்து இரும்புக் கட்டைகள் தருவிக்கும் திட்டம் இருந்தது. இந்நாட்டில் நல்ல மரம் இருக்கும்போது இரும்புக்கு ஏன் பணம் கொட்ட வேண்டும் என்று தடுத்தவர் அவர். தம் தாய்நாட்டு வணிகருக்கு வரவிருந்த இலாபம் அது! அதனினும் பெரிதாக ஒன்று செய்தார். பொதுப்பணிகளுக்கென ஒரு தனி அமைச்சகம் வேண்டும், ஜப்பானிய இளைஞரைப் பொறியாளராக்கப் பயிற்சி நிலையம் வேண்டும் என்று இட்டோவுக்கு எடுத்துரைத்தார். தமக்குப் பதில் ஆள் தயாராக வேண்டும் என்று தாமே சொன்ன மனிதர். தம் முதல் பாதையில் வண்டி ஓடுவதைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. காசநோய்க்கு இரையாகி 1871 நவம்பரில் மறைந்தார். முப்பத்தொரு வயது நிரம்பவில்லை. ஷிம்பாஷிக்கும் யோக்கோஹாமாவுக்கும் இடையே முதல் புகைவண்டிப் பாதை 1872 அக்டோபரில் திறக்கப்பட்டது. அவர் உடல் யோக்கோஹாமாவில் வெளிநாட்டார் கல்லறையிலேயே இருக்கிறது.

தொழிற்சாலை இல்லாத நாட்டில் தொழிற்கல்லூரி

மோரல் சொன்ன கருத்தைச் செயலாக்க முன்வந்தவர் யமாவோ. எதிர்ப்பு எழுந்தது. நாட்டில் தொழிலே இல்லை, தொழிற்கல்லூரி எதற்கு என்று கேட்டனர். இன்று தொழில் இல்லாவிடினும் முதலில் மனிதரை உருவாக்குவோம், அம்மனிதர் தொழிலைக் கண்டுபிடிப்பர் என்பது யமாவோவின் விடை. இந்த விடையை ஒவ்வொரு பள்ளிக்கூடத்தின் வாயிலிலும் எழுதி வைக்கலாம்.

கல்லூரிக்கு முதல்வர் தேவைப்பட்டார். ஸ்காட்லாந்திலிருந்து வந்தார் ஹென்றி டயர். வயது என்ன? இருபத்தைந்து நிரம்பவில்லை! அவரும் உழைப்பாளர் குடும்பத்துப் பிள்ளையே. வார்ப்படச் சாலையில் தொழில் பயின்றவர். யமாவோ படித்த அதே ஆண்டர்சன் கல்லூரியின் மாலை வகுப்பில் படித்தவர். பின்னர் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர். உலகின் இரு கோடிகளில் பிறந்த இருவர், ஒரே மாலைக் கல்லூரியின் பெஞ்சுகளில் அமர்ந்து எழுந்தவர்கள், டோக்கியோவில் கைகோத்தனர். பிறப்பும் நிறமும் சேர்க்காத உறவைக் கல்வி சேர்த்தது.

1873இல் கப்பலில் வரும்போதே டயர் பாடத்திட்டத்தை வகுத்துவிட்டார். ஆறு ஆண்டுப் படிப்பு. முதல் இரண்டாண்டு பொதுக்கல்வி. அடுத்த இரண்டாண்டு தனித்துறைக் கல்வி. கடைசி இரண்டாண்டு களத்தில் கைவேலை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை அறிந்த திட்டம் அது. அந்நாளில் இங்கிலாந்தில் பட்டறைப் பயிற்சி ஒருபுறமும் ஏட்டுப் படிப்பு மற்றொருபுறமுமாகப் பிரிந்து கிடந்தன. தம் நாட்டில் பிரிந்து கிடந்ததை அயல் நாட்டில் இணைத்துக் காட்டினார் டயர். கோபு தைகாக்கோ என்ற பெயர் பெற்ற அக்கல்லூரி, 1886இல் டோக்கியோவின் அரசுப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து அதன் பொறியியல் பகுதியாயிற்று.

டயர் 1882இல் தாயகம் திரும்பினார். ஒன்பது ஆண்டுகள் ஒரு நாட்டின் பொறியாளர் பரம்பரையை உருவாக்கிய அவர் விண்ணப்பித்த பேராசிரியப் பதவி, சொந்த ஊரான கிளாஸ்கோவில் கிடைக்கவில்லை. ஆனாலும் அவர் ஓயவில்லை. அங்கே படிக்க வந்த ஜப்பானிய மாணவருக்குத் துணை நின்றார். கிளாஸ்கோவின் பள்ளிக் கல்விக்கும் தொழிற்கல்விக்கும் தம் உழைப்பைத் தந்தார். 1901இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகம், நுழைவுத் தேர்வுக்குரிய மொழிகளுள் ஒன்றாக ஜப்பானிய மொழியையும் ஏற்றுக்கொண்டது. முப்பதாண்டுக்கு முன் ஆசிரியரைக் கேட்டு வந்த நாட்டின் மொழிக்கு, ஆசிரியரின் ஊரிலேயே இடம் கிடைத்தது. அறிவு வளர்ந்தால் மொழிக்கு மதிப்பு தானே வருகிறது.

மாணவர் தேர்ந்தனர்

முடிவு என்னவாயிற்று? முதல் வண்டி ஓடிய எட்டாண்டில், 1880இல், கியோட்டோவுக்கும் ஓட்சுவுக்கும் இடையே ஒசாக்காயாமா சுரங்கப்பாதையை, வெளிநாட்டுப் பொறியாளர் துணையின்றி, இனோவே மசாருவின் தலைமையில் ஜப்பானியரே குடைந்து முடித்தனர்.

1883இல் கல்லூரியை விட்டு வெளிவந்த தனாபே சகுரோவுக்குப் பட்டத்துக்காக எழுதிய ஆய்வே வேலையாயிற்று. பீவா ஏரியின் நீரைக் கியோட்டோ நகருக்குக் கொண்டுவரும் கால்வாய்த் திட்டம் அது. வலக்கை காயப்பட்டபோது இடக்கையால் எழுதி முடித்தார் அந்த ஆய்வை. இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞரிடம் அத்தனை பெரிய பணியை ஒப்படைத்தனர். 1885இல் தொடங்கி 1890இல் கால்வாய் முடிந்தது. அடுத்த ஆண்டே அந்நீரில் புனல் மின் நிலையம் இயங்கியது.

அவரோடு அதே ஆண்டில் தேர்ந்த வத்தனாபே கைச்சி, எதிர்த்திசையில் கப்பலேறினார். ஸ்காட்லாந்தில் ஃபோர்த் கழிமுகத்தின் மேல், அந்நாளில் உலகமே வியந்த எஃகுப் பாலம் எழுந்துகொண்டிருந்தது. அதில் பொறியாளராகப் பணி செய்தார். அந்தப் பாலம் எப்படிப் பாரம் தாங்குகிறது என்பதை மக்களுக்கு விளக்க ஒரு புகைப்படம் எடுத்தனர். இரண்டு ஆங்கிலேயர் நாற்காலிகளில் அமர்ந்து, கைகளை இருபுறமும் நீட்டிக் கோல்களைப் பிடித்திருப்பர். அவர்களுக்கு நடுவே, அந்தக் கோல்களின் முனைகள் தாங்கும் பலகையில், தரையில் கால்படாமல் அமர்ந்திருப்பவர் வத்தனாபே! கல்லூரி தொடங்கிய பதினைந்து ஆண்டுகளுக்குள், கற்க வந்த இனம், கற்பித்தவர் நாட்டின் பாலத்துக்கே விளக்கமாக அமர்ந்துவிட்டது. பொறியறிவு வெள்ளைத் தோலுக்கு மட்டும் உரிய பிறவிச் சொத்து என்று பேசியோருக்கு இதைவிட வேறு மறுப்பு வேண்டுமா?

அதே ஆசிரியர், வேறு பாடம்

இந்தியாவையும் பாருங்கள். இங்கே புகைவண்டி 1853இலேயே ஓடிற்று. ஜப்பானுக்குப் பத்தொன்பது ஆண்டு முன்னதாக! கிண்டியில் நில அளவைப் பள்ளி 1794இலேயே தோன்றி, 1859இல் பொறியியற் கல்லூரியாக வளர்ந்தது. ரூர்க்கிக் கல்லூரி 1847இல் தோன்றியது. ஜப்பான் கல்லூரி தொடங்குமுன் நம்மிடம் கல்லூரிகள் இருந்தன. பிறகு ஏன் பின்தங்கினோம்?

1871ஆம் ஆண்டில், இந்தியப் பொதுப்பணித் துறைக்கு வேண்டிய பொறியாளரை உருவாக்க ஒரு கல்லூரி நிறுவினர். எங்கே? இந்தியாவிலா? இல்லை, இங்கிலாந்தில், கூப்பர்ஸ் ஹில் என்னும் இடத்தில்! இந்தியாவின் வரிப்பணத்தில் சம்பளம் வாங்கப்போகும் பொறியாளர், இங்கிலாந்தில் பயின்று அங்கிருந்து கப்பலேறினர். உயர் பதவிகள் பெரும்பாலும் அவர்களுக்கு. மேற்பார்வை, அளவை போன்ற கீழ்ப்பதவிகள் நம்மவருக்கு. டோக்கியோவுக்கும் வெள்ளையன் வந்தான். சென்னைக்கும் வெள்ளையன் வந்தான். அங்கே அழைக்கப்பட்டு வந்தான், இங்கே ஆள வந்தான். அங்கே தன் இடத்தை ஒப்படைத்துப் போக வேண்டியிருந்தது. இங்கே தன் இடத்தைத் தன் இனத்துக்கே காத்து வைத்தான். குறை நம் மக்களின் மூளையில் இல்லை. முடிவெடுக்கும் உரிமை எவர் கையில் இருந்தது என்பதில்தான் இருந்தது.

நாணயத்தின் மறுபக்கம்

இத்தோடு நிறுத்தினால் அது வரலாறு ஆகாது, புகழ்மாலை ஆகிவிடும். மறுபக்கத்தையும் திருப்பிப் பார்ப்பதே பகுத்தறிவு.

1871இல் ஜப்பானிய அரசு, தீண்டத்தகாதோராக வைக்கப்பட்டிருந்தவர்களின் இழிநிலையைச் சட்டத்தால் ஒழித்தது. ஏட்டில் ஒழிந்தது, வீதியில் ஒழியவில்லை. புதிய கல்லூரியில் வந்து அமர்ந்தோருள் மிகப் பலர் பழைய சாமுராய்க் குடும்பத்துப் பிள்ளைகளே. ஒதுக்கப்பட்ட மக்களோ, அரை நூற்றாண்டு காத்திருந்து ஏமாந்து, 1922இல் கியோட்டோவில் கூடிச் சுயஹேஷா என்னும் சமத்துவ இயக்கத்தைத் தாமே தொடங்க வேண்டியதாயிற்று. தனாபேயின் கால்வாய் ஓடிய அதே நகரில்! நீரை மலை குடைந்து கொண்டுவர முடிந்தது. சமத்துவத்தைக் கொண்டுவர எந்தப் பொறியாளரும் சுரங்கம் குடையவில்லை.

சமத்துவமற்ற கைகளில் சிக்கிய பொறியறிவு என்ன செய்யும்? 1895இல் தைவான், 1910இல் கொரியா என்று அண்டை நாடுகளை விழுங்கியது ஜப்பான். 1942-43இல் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் இருப்புப்பாதையை அதன் இராணுவம் காடும் மலையும் வெட்டி அமைத்தது. கற்ற பொறியறிவு அனைத்தும் அங்கே பயன்பட்டது. அதற்கு உடல் தந்தவர் யார்? போர்க்கைதிகள் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல் மாண்டனர். அவர்களைவிட மிகுதியாக மாண்டவர் ஆசியத் தொழிலாளர்: பர்மியர், மலாய்க்காரர், சாவகத்தார். மலேயாவின் இரப்பர் தோட்டங்களிலிருந்து ஆசைகாட்டியும் வற்புறுத்தியும் இழுத்துச் செல்லப்பட்ட நம் தமிழரும் அவர்களுள் பல்லாயிரவர். வாந்திபேதி அவர்களை வாரிக்கொண்டு போயிற்று. போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. நம்மவரில் பெரும்பாலோருக்கு மண்மேடு இருந்த இடமும் தெரியாது.

அதே நாட்டில் தனாபே சகுரோ என்ன செய்தார் தெரியுமா? பீவா கால்வாய்ப் பணியில் உயிரிழந்த பதினேழு பேருக்காக, 1902இல், தம் சொந்தப் பணத்தில் நினைவுக்கல் நாட்டினார். கால்வாயைக் கட்டியவன் நான் என்று அவர் கல்லில் எழுதிக்கொள்ளவில்லை. மாண்டவர் பெயரை எழுதினார். ஒரே நாடு, ஒரே பொறியறிவு. ஓரிடத்தில் தொழிலாளிக்கு நினைவுக்கல், மற்றோரிடத்தில் தொழிலாளிக்குப் புதைகுழி. எந்திரம் கற்றுத் தராத ஒன்று இடையே இருக்கிறது. அதற்குப் பெயர் மனிதநேயம்.

இன்று கப்பலேறுவோருக்கு

இன்று நம் இளைஞர் ஆயிரமாயிரவர் பொறியாளராக அயல்நாடு செல்கின்றனர். அமெரிக்கா, ஜெர்மனி, சிங்கப்பூர், வளைகுடா நாடுகள் என்று பட்டியல் நீளுகிறது, ஜப்பானுக்கும் செல்கின்றனர். வறுமையை வெல்லவும் வாழ்வை உயர்த்தவும் செல்பவனைத் தடுக்க நமக்கு உரிமை இல்லை. தூற்றுவது அறிவும் ஆகாது. செல்க! கேட்பது சில மட்டுமே.

மோரலைப் போல, சம்பளம் தரும் நாட்டின் நலனையும் உன் நலனாக எண்ணு. யமாவோவைப் போல, இயந்திரத்தை மட்டும் பார்த்துத் திரும்பாதே, அதன் அருகே நிற்கும் மனிதனையும் பார். நீ வரைபடம் வரையும் கட்டடத்தில் வெயிலில் செங்கல் சுமப்பவன், வேறு ஊர்க்காரனாயினும், உன் மொழி பேசாதவனாயினும், உன் தோழனே. அவன் பெயரைத் தெரிந்துகொள். தனாபே தெரிந்துவைத்திருந்தார்.

இங்கே இருக்கும் நாம் செய்ய வேண்டியதும் உண்டு. கிளாஸ்கோவின் மாலைக் கல்லூரி கதவைத் திறந்து வைத்திராவிட்டால் டயர் இல்லை, யமாவோ இல்லை. நம் சிற்றூரில் பட்டறையில் சுத்தியல் பிடிக்கும் சிறுவனுக்கு, தறியடியில் நூல் நூற்கும் சிறுமிக்கு, துப்புரவுத் தொழிலாளியின் மகளுக்கு அத்தகைய மாலைக் கதவு திறந்திருக்கிறதா? வரலாறு சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர் எவரும் ஆண்டுதோறும் இந்தக் கேள்வியை எதிர்கொள்கிறோம். வகுப்பில் வெறுமையாகும் இருக்கைகள் அதைக் கேட்கின்றன.

தோழர்களே! உங்கள் தெருவில் படிப்பை நிறுத்திய ஒரு பிள்ளையேனும் இருக்கும். கழகம் கூடும் அறையோ, படிப்பகமோ, திண்ணையோ எதுவானாலும் சரி, மாலையில் ஒரு விளக்கை ஏற்றி அந்தப் பிள்ளையை அழைத்து உட்கார வையுங்கள். மனிதரை உருவாக்குவோம்; தொழிலை அவர்கள் கண்டுபிடிப்பார்கள்.